கம்பெனி மாறினால் மருந்தும் மாறும்: ஏடிஹெச்டி மாத்திரையுடன் இங்கிலாந்து வருபவர்களுக்கு

ஊரில் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) என்று கண்டறியப்பட்டு, அதற்கான மெத்தில்பெனிடேட் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் நிலையில் படிப்புக்கோ வேலைக்கோ இங்கிலாந்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு பிடிப்பது, வங்கிக் கணக்குத் தொடங்குவது, மலிவாகப் பொன்னி அரிசி வாங்குவது பற்றியெல்லாம் சொல்லித்தர நம்மவர்களில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த மாத்திரையைப் பற்றிப் பேசத்தான் ஒருவரும் இல்லை. வாய் திறந்தால், ‘மூளைக்கு மருந்து சாப்பிடுகிறாளாம்’ என்ற செய்தி லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு மறுநாளே ஊரில் அம்மாவின் காதுக்குப் போய்விடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தால் யாரிடமும் கேட்காமல் இருந்த ஒருத்தி பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

அலுவல் சார்ந்தவற்றை முதலில் விரைவாக முடித்துவிடலாம். மெத்தில்பெனிடேட் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்று மாத அளவுக்குக் குறைவாகக் கொண்டுவந்தால் உரிமம் தேவையில்லை. ஆனால் உங்கள் பெயர், பயண நாள், செல்லும் நாடு, மருந்தின் பெயர், மில்லிகிராம், எண்ணிக்கை ஆகிய அனைத்தும் எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் கையில் இருக்கவேண்டும். தீர்ந்த பிறகு அப்பாவைக் கூரியரில் அனுப்பச் சொல்லலாம் என்ற நினைப்பை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். முறுக்கும் பருப்புப் பொடியும் வரும் பெட்டியில் இந்த மாத்திரை வந்தால் அது உரிமமில்லாத இறக்குமதி.

விசாவுடன் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர் என்றால் 776 பவுண்டு, சுகாதாரக் கட்டணமாகக் கட்டியிருப்பீர்கள். எனவே வந்த வாரமே ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதியின் குடும்ப மருத்துவரிடம், பதிந்துகொள்ளுங்கள். அவர் உங்கள் பழைய சீட்டைப் பார்த்து உடனே மருந்து எழுதிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏடிஹெச்டியில் பயிற்சி பெற்ற நிபுணர்தான் மருந்தைத் தொடங்கவேண்டும். அளவு நிலைப்பட்ட பிறகே ‘ஷேர்டு கேர்’ என்ற ஏற்பாட்டின் பேரில் ஜிபி தொடர்ந்து எழுதித்தருவார், அதையும் மறுக்க அவருக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தில் மட்டும் ‘ரைட் டு சூஸ்’ (நோயாளியே தேர்ந்தெடுக்கும் உரிமை) வழியாக, நிபுணரைப் பார்க்க வேறு சேவை நிறுவனத்தைக் கேட்டு வாங்கலாம். எதுவானாலும் காத்திருப்பு நீளமானது. நம் ஊர் மருத்துவர் கிறுக்கித்தரும் ஒற்றைச் சீட்டு இங்கே ஒன்றுக்கும் உதவாது. எந்தச் சோதனைகளின் அடிப்படையில் கண்டறிந்தார், எந்த அளவில் தொடங்கி எப்படி உயர்த்தினார் என்பதை முழுக் கடிதமாக வாங்கி வாருங்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கட்டாயம் கேட்பார்கள் என்பதால், ‘வகுப்பில் கவனமில்லை, ஓயாமல் பேசுகிறாள்’ என்று ஆசிரியை சிவப்பு மையில் எழுதிய ரேங்க் கார்டு பரணில் கிடந்தால் அதையும் தூசி தட்டி எடுத்து வாருங்கள். அன்று அடி வாங்கித்தந்த அந்த வரி இங்கே ஆவணமாக மதிக்கப்படும்.

மருந்து பெரும்பாலும் 30 நாளுக்கு மேல் தரமாட்டார்கள். மருந்துச் சீட்டு 28 நாளில் காலாவதியாகும். ஒரு மருந்துக்கு 2024 மே முதல் 9.90 பவுண்டு கட்டணம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கட்டணமே இல்லை. ஆண்டுக்கு 114.50 பவுண்டு கட்டி முன்கட்டணச் சான்று எடுக்கச் சொல்வார்கள். மாதம் ஒரே மருந்து வாங்குகிறவருக்கு அதில் மிஞ்சுவது ஒரு காப்பிக் காசுதான்.

இனி நான் சொல்லவந்த விஷயம். நம் ஊர் மருந்துக் கடையில், ‘அதே மருந்துதாங்க, கம்பெனி வேற’ என்று கடைக்காரர் சொன்னால் நாம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வோம். காய்ச்சல் மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அப்படி வாங்கியே பழகிய கை, நீண்ட நேரம் வேலைசெய்யும் மெத்தில்பெனிடேட்டையும் அப்படியே வாங்கிக்கொள்கிறது. இந்த மருந்தில் மூலப்பொருள் ஒன்றாக இருந்தாலும் அது உடலுக்குள் வெளியாகும் விதம் பிராண்டுக்குப் பிராண்டு மாறுகிறது, பக்கவிளைவும் அதற்கேற்ப மாறுகிறது.

கான்செர்டா எக்ஸ்எல் மாத்திரையில் மேற்பூச்சிலிருந்து 22 விழுக்காடு உடனே வெளியாகும். மீதி, மாத்திரையின் ஓட்டில் லேசரால் இடப்பட்ட நுண்துளை வழியே மெல்ல மெல்லத் தள்ளப்பட்டு, மொத்தம் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கும். சாப்பிட்டுவிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். அதன் ஓடு கரையாமல் அப்படியே மலத்தில் வெளியே வரும். மருந்து வேலைசெய்யவில்லை என்று பதறி இன்னொன்று விழுங்கிவிடாதீர்கள். சாகிட்டின், டெல்மோசார்ட் போன்றவை ஏறக்குறைய இதே பாங்கில் இயங்குபவை. மெடிகினெட் எக்ஸ்எல் முற்றிலும் வேறு. அதன் கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளில் பாதி உடனே கரையும், மறுபாதி வயிற்று அமிலத்தைத் தாங்கிக் குடலுக்குப் போன பிறகு கரையும். மொத்தம் சுமார் 8 மணி நேரம். இதைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனேயோதான் எடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் நீடிக்கவேண்டிய மருந்து முன்கூட்டியே ரத்தத்தில் குவிந்து ஏறும். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளுடன் சேர்த்து எடுக்கவே கூடாது. வயிற்றில் அமிலம் குறைந்தால் குடலுக்கென்று வைத்த பாதியும் அங்கேயே கரையத் தொடங்கிவிடும். ஈக்வசிம் எக்ஸ்எல் இன்னொரு வகை: 30 விழுக்காடு முதலில், 70 விழுக்காடு பிறகு. இப்படி மாற்றும்போது எச்சரிக்கை தேவை என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்ஹெச்ஆர்ஏ 2022 செப்டம்பரிலேயே அறிவித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாடெங்கும் ஏடிஹெச்டி மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிடைத்ததை எழுதித்தரும் நிலை உண்டானது.

அந்தத் தட்டுப்பாட்டில் சிக்கியவள்தான் ரெடிங்கில் வசிக்கும் என் மதுரைத் தோழி. கான்செர்டா 36 எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மெடிகினெட் எக்ஸ்எல் 30 எழுதித்தந்தார்கள். மில்லிகிராம் கணக்கில் அது சரியான மாற்றுத்தான். அதில் யாரையும் குறைசொல்ல முடியாது. எப்படிச் சாப்பிடவேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை ஜிபி அலுவலகத்திலும் சொல்லவில்லை, மருந்துக் கடையிலும் சொல்லவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அவள் பிரிக்கவில்லை. நம்மில் யார்தான் பிரிக்கிறோம்? மறுநாள் காலை எழுந்ததும், பல ஆண்டுப் பழக்கப்படி, ஊரிலிருந்து அட்டை அட்டையாகக் கொண்டுவந்திருந்த கேஸ் மாத்திரையை, அதாவது பான்டோபிரசோலை, வெறும் வயிற்றில் போட்டாள். குளித்துவிட்டு வந்து புதிய கேப்சூலை விழுங்கினாள். மேலே ஒரு டம்ளர் டிகிரி காப்பி. பேடிங்டன் போகும் ரயிலில் இட்லி டப்பாவைத் திறக்கலாம் என்று கிளம்பிவிட்டாள்.

வழியில் ஸ்லவ் நிலையத்தில் இறங்கி என்னை அழைத்தபோது அவளுக்கு வார்த்தை முழுதாக வரவில்லை. “அக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது, கையெல்லாம் சில்லுன்னு இருக்குது, வாட்ச்சுல 138 காட்டுது” என்றாள். மருத்துவ ஆலோசனைக்கான 111 எண்ணை அழைக்கச் சொன்னேன். அவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஈசிஜி நன்றாக இருந்தது, பகல் பொழுது முழுவதும் உட்காரவைத்து அனுப்பினார்கள். அங்கிருந்த மருந்தாளுநர் ஒருவர்தான் காலையில் என்னென்ன சாப்பிட்டாள் என்று வரிசையாகக் கேட்டு, கேஸ் மாத்திரையில் வந்து நிறுத்தினார். பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து, அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அவள் பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிட்டாள். கான்செர்டா மீண்டும் கிடைத்து, நிபுணர் மறுபடி குறைந்த அளவிலிருந்து தொடங்குவதற்குள் அலுவலகத்தில் இரண்டு வேலைகள் கெடு தவறிப்போயின. புரொபேஷன் காலத்தை நீட்டித்துவிட்டார்கள். அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்ல யாருக்கும் நேரமில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஆகவே மருந்துக் கடையை விட்டு நகரும் முன், கவுண்ட்டரிலேயே பெட்டியைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். சென்ற மாதத்துப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மருந்தாளுநரை அழைத்து, இது எத்தனை மணி நேரம் நிற்கும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, நான் எடுக்கும் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாதீர்கள். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நீங்கள் எடுக்கும் பட்டியலில் கேஸ் மாத்திரையையும் ஜெலூசில், டைஜீன் போன்றவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவற்றை மருந்து என்றே நாம் எண்ணுவதில்லை. ஜிபியிடம் சீட்டில் பிராண்டின் பெயரையே எழுதித்தரும்படி கேளுங்கள்; பொதுப்பெயர் மட்டும் இருந்தால் கையிருப்பில் உள்ளது எதுவோ அது வரும்.

அன்றாடப் பக்கவிளைவுகளில் முதலாவது பசியின்மை. பகல் முழுவதும் பசியே எடுக்காமல், இரவு ஏழு மணிக்கு மருந்து இறங்கும்போது வீட்டில் இருப்பதையெல்லாம் தின்னத் தோன்றும். அந்த நேரத்தில்தான் காரணமில்லாத எரிச்சலும் வரும். மாத்திரைக்கு முன்பே காலை உணவை முடித்துவிடுவது எனக்குக் கைகொடுத்த வழி. இங்குள்ளவர்கள் சாப்பிடும் ஒரு கிண்ணம் சீரியல் நமக்குக் காணாது. இரண்டு தோசையோ, முந்தின இரவே வைத்த வெண்பொங்கலோ இருக்கட்டும். மதியம் பசிக்கவில்லை என்றாலும் கடிகாரத்தைப் பார்த்துத் தயிர்சாதமாவது உள்ளே போகவேண்டும். வெறும் வயிற்று விரதங்களை, குறிப்பாகக் கந்த சஷ்டி ஆறு நாளை, மருத்துவக் குழுவிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

இரண்டாவது தூக்கம். பன்னிரண்டு மணி நேர மாத்திரையைக் காலை பத்து மணிக்குப் போட்டால் இரவு பத்துக்கும் அது உங்களை விடாது. குளிர்காலத்தில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது, ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் நிற்கிறது. வெளிச்சத்தை நம்பினால் இரண்டு பருவத்திலும் ஏமாறுவோம் என்பதால் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன். காப்பியைக் குறைப்பது எனக்கு மருந்தைவிடக் கசப்பான பத்தியமாக இருந்தது. கும்பகோணத்துக்காரியிடம் இதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம். காலையில் ஒன்று, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு என்று நிறுத்திக்கொண்டேன்.

குளிர்காலத்தில் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போனால், ஊரில் பழகாத குளிர் என்று தள்ளிவிடாதீர்கள். கைகால் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறைவது இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு, மருத்துவரிடம் சொல்லவேண்டும். சளிக்குக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருந்தால் அது ரத்த அழுத்தத்தை மேலும் ஏற்றும். வாங்கும்போதே என்ன மருந்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கப்படவேண்டும், எடையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது, இங்கே சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஜிபி அலுவலகம் தானாக அழைக்கும் என்று காத்திராமல் வீட்டிலேயே ஒரு கருவி வாங்கிவைத்துத் தேதியோடு எழுதி வாருங்கள். சும்மா இருக்கும்போதும் நாடி தொடர்ந்து 120-ஐத் தாண்டினால் உடனே தெரிவிக்கவேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் அவசர எண் 999. இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காதில் கேட்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுவது ஆகியவற்றை வீட்டு நினைப்பு என்று மூடிவைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. தேர்வு நெருங்கும்போது, ‘ஒரே ஒரு மாத்திரை கொடுங்களேன், ராத்திரி உட்கார்ந்து படிக்கணும்’ என்று அறையில் இருப்பவர்கள் கேட்பார்கள். நம் ஊர்ப் பாசத்தில் கொடுத்துவிடாதீர்கள். மெத்தில்பெனிடேட் இங்கே போதைப்பொருள் சட்டத்தில் பி வகுப்புக்குள் வருகிறது. காசு வாங்காமல் கொடுத்தாலும் அது விநியோகம்தான், அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. உங்கள் விசாவும் அத்தோடு பறிபோகக்கூடும். பெட்டியைப் பூட்டிவையுங்கள், எண்ணிக்கை தெரிந்திருக்கட்டும்.

ஊருக்குப் போகும்போதும் அதே கடிதமும் மருந்தின் அசல் பெட்டியும் கைப்பையில் இருக்கட்டும். துபாயில் இறங்கி இரண்டு நாள் தங்கிப்போகும் எண்ணம் இருந்தால், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்கு ஐக்கிய அமீரகத்தில் முன்கூட்டியே இணையவழி அனுமதி பெறவேண்டும். டிசம்பரில் மட்டும் மறுசீட்டை வழக்கத்தைவிட முன்னதாகக் கேளுங்கள்: 25, 26, ஜனவரி 1 மூன்று நாளும் ஜிபி அலுவலகம் மூடியிருக்கும், இடைப்பட்ட நாட்களில் கையெழுத்திட ஆள் குறைவாக இருக்கலாம், மருந்துக் கடையில் சரக்கும் குறைவாக இருக்கும். மாதத்தின் இரண்டாம் வாரத்திலேயே கேட்டுவிட்டால், கேட்ட பிராண்டு இல்லை என்று சொன்னாலும் வேறு கடையில் தேட அவகாசம் கிடைக்கும்.