வீடியோ போக்கர் இயந்திரம் எவ்வளவு திருப்பித் தரும்? நாமே கணக்கிடும் முறை

ஸ்லாட் இயந்திரத்தில் எந்தப் படம் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை நிற்கும் என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஐந்து சீட்டுத் தந்து, வேண்டாதவற்றை ஒருமுறை மாற்றவிட்டு, கடைசியில் அமையும் ஐந்துக்கு (இதைத்தான் ‘கை’ என்பார்கள்) பரிசு தரும் வீடியோ போக்கரில் அந்த மறைப்பு இல்லை; திரையில் சீட்டைக் காட்டும் இயந்திரம் உண்மையான சீட்டுக் கட்டின் வாய்ப்புகளையே பின்பற்ற வேண்டும் என்று நெவாடா மாநில விதி சொல்வதால், 52 சீட்டும் இயந்திரத்தின் முகப்பில் இருக்கும் பரிசுப் பட்டியலும் நம் கணக்குக்குப் போதும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றம் 2025இல் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஆகவே இங்கே கணக்கு மட்டுமே உண்டு.

படி 1: பட்டியலைப் படித்தல்

‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாணயத்துக்கு ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் (ஒரே இனத்தில் தொடர்ச்சியான ஐந்து) 50, ஒரே எண்ணில் நான்கு 25, ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்) 9, ஃபிளஷ் (ஐந்தும் ஒரே இனம்) 6, ஸ்ட்ரெய்ட் (இனம் எதுவானாலும் தொடர்ச்சியான ஐந்து) 4, ஒரே எண்ணில் மூன்று 3, இரண்டு ஜோடி 2, ஜாக்கி அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடி 1. பெரும்பாலும் சூதாட்ட விடுதிகள் கைவைக்கும் இடம் ஃபுல் ஹவுஸும் ஃபிளஷும்தான். இவ்விரண்டுக்கும் 9, 6 தரும் 9/6 பட்டியலில் பிழையின்றி ஆடினால் 99.54 விழுக்காடு திரும்புகிறது; 8/5 என்றால் 97.30. ஒரு கைக்கு 1.25 டாலர் வீதம் மணிக்கு 600 கை ஆடுபவருக்குச் சராசரி இழப்பு முதலாவதில் 3.45 டாலர், இரண்டாவதில் 20.25 டாலர். திரையில் வேறு எதுவும் மாறியிருக்காது.

படி 2: ஒரே ஒரு கையைத் தாளில் போட்டுப் பார்த்தல்

நான் ஒரு வாரம் சிக்கிக் கிடந்தது இங்கேதான். கையில் ஹார்ட் 4, 7, 9, ஜாக்கி ஆகியவற்றுடன் இஸ்பேட் 4 வந்திருக்கிறது. நான்கு ஹார்ட்டையும் வைத்துக்கொண்டு இஸ்பேட் 4ஐ மாற்றினால், மீதமுள்ள 9 ஹார்ட்டுகளில் எது வந்தாலும் 6, மூன்று ஜாக்கிகளில் எது வந்தாலும் 1, ஆக மொத்தம் 57. இதை நான் 48ஆல் வகுத்து 1.1875 என்று எழுதிவைத்திருந்தேன். பிழை மிகச் சிறியதாக இருந்ததால் கண்ணில் படவே இல்லை. பெங்களூரு சிவாஜி நகரில் ஒரு சீட்டுக் கட்டு வாங்கிவந்து அல்சூர் வீட்டுத் தரையில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தபோது, ரம்மியில் கைதேர்ந்த பாட்டி, “ஏன்டா, நீ தள்ளின சீட்டு எப்படித் திரும்பவும் கட்டுக்குள்ள போகும்?” என்று கேட்டார். கையில் வந்த ஐந்தும் போக மிச்சம் 47. சரியான விடை 1.2128. இரண்டு 4களின் ஜோடியை வைத்துக்கொண்டால் 0.8237தான், ஆகவே ஜோடியைக் கலைப்பதே சரி. இஸ்பேட் 4க்குப் பதிலாக இஸ்பேட் ஜாக்கி இருந்தால் முடிவு தலைகீழாகும்: ஜாக்கி ஜோடியின் மதிப்பு 1.5365, ஃபிளஷுக்குப் போனால் 56/47, அதாவது ஏறத்தாழ 1.19.

படி 3: நிரல் எழுதுதல்

விரிதாளில் முயல வேண்டாம். எனக்கு அதில் எரிச்சலே மிஞ்சியது. பைத்தான் நிரல்மொழியில் சேர்க்கைகளைத் தரும் செயற்கூறு தயாராகவே இருக்கிறது. ஒவ்வொரு கைக்கும் சீட்டுகளை வைத்துக்கொள்ளும் 32 வழிகளையும் கணக்கிட்டு மிகப் பெரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 25,98,960 கைகளையும் அப்படியே ஓட்டினால் மடிக்கணினி திணறும். ஹார்ட்டும் டைமண்டும் இடம் மாறினால் விடை மாறாது என்பதைப் பயன்படுத்தினால், வெவ்வேறான கைகள் 1,34,459 ஆகக் குறைந்துவிடும். ஒவ்வொன்றின் விடையையும் அது எத்தனை முறை வரும் என்பதால் பெருக்கிக் கூட்டுங்கள்.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த நண்பருக்கு 99.54க்குப் பதில் ஏறத்தாழ 98.4 வந்தது. படி 1இல் நான் சொல்லாமல் விட்ட ராயல் ஃபிளஷுக்கு (ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை) அவர் 250 என்று போட்டிருந்தார். ஒன்று முதல் நான்கு நாணயம் வரை அதுதான் விகிதம். ஐந்து நாணயம் போட்டால் மட்டும் 4000, அதாவது நாணயத்துக்கு 800. இதைத் திருத்திய பிறகும் உங்கள் விடை சற்றே குறைவாக வந்தால், ஏஸ்-2-3-4-5 வரிசையை ஸ்ட்ரெய்ட்டாக உங்கள் நிரல் ஏற்கிறதா என்று பாருங்கள்.