போயர் போர் பதக்கப் பட்டியலில் ஆளைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு, அதாவது அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரோடு, சண்டை போட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களில் சிலர் அப்புறம் இந்தியாவுக்கு மாற்றலாகி, இங்கேயே கல்யாணம் செய்து, ரயில்வேயில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இப்போது லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியல்களில், டபிள்யூ.ஓ. 100 என்ற தொகுப்பில், தேடுகிறார்கள். ஆரம்பத்தில் நான் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். கையெழுத்து புரியாது, பெயரில் எழுத்து மாறியிருக்கும் என்பதெல்லாம் உட்கார்ந்தால் தானே தெரிந்துவிடும். அதை விடுகிறேன்.

எண் பொருந்தினால் ஆள் கிடைத்துவிட்டார் என்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. 1920 வரை பிரிட்டிஷ் ராணுவம் முழுமைக்கும் பொதுவான வரிசை எண் கிடையாது. ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனக்கென்று எண் போட்டது. 4512 என்று வைத்துக்கொள்வோம். டப்ளின் ஃபியூசிலியர்ஸில் ஒரு 4512 இருக்கலாம், டெவன்ஷயரில் ஒருவர், கார்டன் ஹைலேண்டர்ஸில் ஒருவர். ஒரே ரெஜிமெண்டுக்குள்ளேயே மிலிஷியா என்ற பகுதிநேரப் படைக்கு வேறு வரிசை. இது போதாதென்று, ஆள் ரெஜிமெண்ட் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

பெரம்பூர்க்காரர் ஒருவர் வீட்டு பைபிளுக்குள் ஒரு சீட்டைக் கண்டெடுத்தார். ஓர் எண், ஜே. ஸ்மித் என்ற பெயர், அவ்வளவுதான். இணையத்தில் தேடினார், ஒருவர் அகப்பட்டார். அதே எண்ணும் பெயரும் விளிம்பில் பொறித்த பதக்கம் ஏலத்துக்கு வந்தது. நல்ல விலை கொடுத்து வாங்கி, சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். அப்புறம்தான் என்னிடம் வந்தார். அந்த ஸ்மித்தின் பணிவிடுப்புத் தாள்களை, அதாவது ராணுவத்திலிருந்து விலகியபோது எழுதிய பதிவுகளை, பார்த்தால், மனிதர் இந்தியப் பக்கமே வந்ததில்லை. சொந்தத் தாத்தாவின் ரெஜிமெண்ட் எது என்பது, முதல் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் பளிச்சென்று எழுதியிருந்தது. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதை முதலில் பார்த்திருந்தால் காசும் மிச்சம், மனக்கசப்பும் மிச்சம்.

ஆகவே ரெஜிமெண்ட் முதலில், பிறகு பட்டாலியன், எண் கடைசியில். அதற்குப் பிறகும் டபிள்யூ.ஓ. 97 தொகுப்பில் உள்ள பணிவிடுப்புத் தாள்களில் பிறந்த ஊரையும் வயதையும் ஒத்துப் பாருங்கள். பணியிலேயே இறந்தவர்களுக்கு அங்கே பெரும்பாலும் தாள் இருக்காது. 1914க்குப் பிறகு மறுபடி சேர்ந்தவர்களின் தாள்கள் உலகப் போர்க் கட்டுகளோடு சேர்ந்து, 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயிருக்கலாம்.

கிளாஸ்ப்பை வைத்துக் கதை கட்டுவது

பதக்க நாடாவின் மேல் ஏறும் சிறு உலோகப் பட்டைதான் கிளாஸ்ப். போயர்கள் முற்றுகையிட்ட நேட்டால் நகரம் லேடிஸ்மித். 'லேடிஸ்மித் மீட்பு' கிளாஸ்ப் இருந்தால் தாத்தா துப்பாக்கியோடு நகருக்குள் நுழைந்தார் என்று எழுதிவிடுகிறார்கள். 1899 டிசம்பர் 15 முதல் 1900 பிப்ரவரி 28 வரை எஸ்ட்கோர்ட்டிலோ அதற்கு வடக்கே நேட்டாலிலோ இருந்த படையினருக்கெல்லாம் அது உண்டு. அத்தனை ரத்தம் சிந்திய ஸ்பியோன் கோப் சண்டைக்கோ, கொலென்ஸோ சண்டைக்கோ தனிக் கிளாஸ்ப்பே கிடையாது. 'கேப் காலனி' கிளாஸ்ப் இல்லாததால் அங்கே போகவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்தப் பகுதியில் நடந்த குறிப்பிட்ட சண்டைக்குக் கிளாஸ்ப் வாங்கியவருக்கு இதைத் தரமாட்டார்கள்.

ஒரே பட்டியலோடு நிறுத்துவது

விக்டோரியா அரசி பெயரில் தந்த குயின்ஸ் மெடலுக்கு ஒரு பட்டியல், அதன் 1901, 1902 கிளாஸ்ப்புகளுக்கு வேறொன்று, பின்னால் எட்வர்ட் மன்னர் பெயரில் தந்த கிங்ஸ் மெடலுக்கு இன்னொன்று. மூன்றையும் பாருங்கள். பட்டியலில் குறிப்புகள் எழுதியிருக்கும் பத்தியை மறக்காதீர்கள்.

குயின்ஸ் மெடலின் பின்புறத்தில் ஆண்டின் தடம் தெரிந்தால் போலி என்பது

இல்லை. 1900இல் போர் முடிந்துவிடும் என்று நம்பி ஆண்டைப் பொறித்துவிட்டு, பிறகு அழித்தார்கள்.

பெயர் இல்லை, ஆகவே போகவில்லை என்பது

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. இந்தியாவிலிருந்து படையோடு போன உதவியாளர்களுக்குக் கிடைத்தது கிளாஸ்ப் இல்லாத வெண்கலப் பதக்கம். வெள்ளிப் பதக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றம்தான். காந்தி நேட்டாலில் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், அவர்களில் தமிழர்களும் உண்டு. ஸ்பியோன் கோப்பிலிருந்து காயம்பட்டவர்களை டோலியில் சுமந்தார்கள். பதக்கம் தலைவர்களுக்குத்தான் போனது. டோலி தூக்கியவர்களைத் தேட ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களுக்குப் போக வேண்டும். தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் எல்லாம் அங்கே எழுதியிருக்கும்.