கடன் கொப்பியிலிருந்து சந்தா மென்பொருள்: போகக் கணக்கில் விலை வைத்த கதை

உரம், கிருமிநாசினி விற்கும் கடைகளுக்கென்று ஒரு சின்ன மென்பொருள் செய்து, மாதச் சந்தாவுக்கு விற்கப் போய் மூக்குடைபட்டேன். இப்போது ஓரளவு ஓடுகிறது. நிரல் எழுதவும் சேர்வரில் ஏற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கொப்பியைத் தேடுங்கள்

புது யோசனை வேண்டாம். ஆட்கள் கொப்பியில் எழுதி, பிறகு அதை வைத்தே சண்டை பிடிக்கும் இடம் எது என்று பாருங்கள். எனக்கு அகப்பட்டது இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கடையின் கடன் கொப்பி. விதைப்புக் காலத்தில் உரம் கடனுக்குப் போகும், வெள்ளாமை வெட்டியதும் காசு வரும். யார் எத்தனை அந்தர் எடுத்தார் என்பதில்தான் தகராறு.

2. ஒரு வேலை போதும்

பெயர், எடுத்த சாமான், பாக்கி. நிரலுக்கு லாரவெல்லும் தரவைச் சேமிக்க எஸ்கியூலைட்டும் தாராளம். கொக்கட்டிச்சோலை இருக்கும் படுவான்கரைப் பகுதியில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால், பதிவை முதலில் போனிலேயே சேமித்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

3. விலை

நான் வழுக்கிய இடம் இதுதான். மாதம் 1,500 ரூபாய் என்று வைத்தேன். முதல் மாதம் கட்டினார்கள். மூன்றாம் மாதம் போன் எடுத்தால் பதில் இல்லை. நேரே போனேன். முதலாளி தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "மனே, நானே வெட்டு முடியத்தான் காசைக் காணுவன். நீ மாசாமாசம் கேட்டா எங்க போற? மறுகா வா."

அவர் ஏமாற்றவில்லை. அவருடைய வருமானத்துக்கு மாதம் என்ற கணக்கே இல்லை, எனக்குத்தான் அது புரியவில்லை. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியை ஒட்டி வரும். சிறுபோகம் ஆவணியை ஒட்டி. அதனால் சந்தாவைப் போகத்துக்கு, அதாவது ஒரு நெல் பருவத்துக்கு, 7,500 என்று மாற்றினேன். ஆறு மாதத்துக்கு 9,000 வரவேண்டிய இடத்தில் 1,500 குறைவுதான். ஆனால் காசு கைக்கு வருகிறது, கேட்டு அலையும் பெற்றோல் செலவும் மிச்சம்.

இலவசத் திட்டம் வைக்காதீர்கள். இலவசமாக எடுத்தவர்தான் இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் வருவார்.

4. காசு வாங்குவது

முக்கால்வாசிப் பேர் வங்கியில் போட்டுச் சிட்டையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அதைக் கையால் பதிவதில் வெட்கம் ஒன்றுமில்லை. கார்ட் வேண்டுமென்றால் பேஹியர் என்ற இலங்கைக் கட்டணச் சேவை இருக்கிறது. அதில் ஹாஷ், அதாவது கோரிக்கையோடு அனுப்பும் சரிபார்ப்புக் குறி, பொருந்தாமல் இரண்டு இரவு போனது. பிழை என்னுடையது: ஹாஷுக்குள் தொகையை 7500 என்று கொடுத்திருந்தேன். 7500.00 என்று இரண்டு தசமத்தோடு, காற்புள்ளி இல்லாமல் கொடுக்கவேண்டும். இன்னொன்று, பணம் கட்டியவர் திரும்பி வரும் பக்கத்தை நம்பிக் கணக்கைத் திறந்துவிடாதீர்கள். சேர்வருக்கு வரும் அறிவிப்பில் கையொப்பத்தைச் சரிபார்த்து, நிலைக் குறியீடு 2 (பணம் வந்துவிட்டது) என்றால் மட்டும் திறவுங்கள். அந்த அறிவிப்பு லோக்கல்ஹோஸ்டுக்கு வராது.

5. வெளிநாட்டுக்கு விற்பதென்றால்

ஸ்ட்ரைப் என்ற இணையக் கட்டணச் சேவையில் இலங்கையிலிருந்து கணக்கு திறக்க முடியாததால், நம் பொருளைத் தங்கள் பெயரில் விற்றுத்தரும் பெடில் போன்ற இடைவிற்பனையாளர் ஒரு வழி. வெளிநாட்டு விற்பனை வரியையும் அவர்களே பார்ப்பார்கள். கட்டணம் ஒவ்வொரு விற்பனைக்கும் 5 வீதமும் 50 அமெரிக்கச் சதமும். அந்த 50 சதத்தைக் கவனியுங்கள்: மாதம் 3 டொலர் என்றால் 65 சதம் போய்விடும், ஐந்தில் ஒன்றுக்கும் மேல். வருடம் 30 டொலர் என்றால் 2 டொலர்தான். மலிவான பொருளை வருடச் சந்தாவாக விற்பதே புத்தி.

பின்சேர்க்கை: இதைப் படித்த சம்மாந்துறைக்காரர் ஒருவர், தன் பக்கம் போகக் கணக்கு அப்படியே பொருந்துகிறது என்றார். கல்லோயா நீர்ப்பாசனத் தண்ணீர் வருவதால் அங்கே இரண்டு போகம். மானாவாரி வயல்களை நம்பியிருக்கும் கடைக்காரருக்கு ஒரே வெட்டுத்தான், இரண்டாம் தவணை கேட்டால் கொப்பிக்கே திரும்பிப் போவார். அவர்களுக்கு இப்போது வருடத்துக்கு ஒரு தடவை, 12,000.