இறுகிய பாத்தி இளகியது இப்படித்தான்

அறுவடைக்குப் பிறகு சும்மா கிடந்ததில் எங்கள் கொல்லைப் பாத்தி கல்லாக இறுகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நின்றது. இதைச் சரிசெய்யாமல் புதுப் பருவத்துக்கு விதை போட்டுப் பயனில்லை.

மாலையில் லேசாக நனைத்துவிட்டு, மறுநாள் மண் கையில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிரும் பதத்தில் கொத்தினேன். இந்தப் பதம்தான் முக்கியம். சொதசொத ஈரத்தில் கொத்தினால் கட்டிகட்டியாகி இன்னும் மோசமாகும்.

அப்புறம் தொழுவுரத்தை 2 அங்குலத்துக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலந்தேன். ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் மண்வாசனை வர வேண்டும். சாண நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை, அது இளம் வேரைக் கருக்கிவிடும்.

போன பருவத்தில் இங்கே கத்தரியும் தக்காளியும். இரண்டும் ஒரே குடும்பம், வாடல் நோய்க் கிருமி மண்ணிலேயே தங்கும். அதனால் இம்முறை அவரை, கொத்தவரை. அவற்றின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சேர்த்துத் தரும்.

பழைய விதையா? 10 விதையை ஈரத்துணியில் முடிந்துவைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். பாதிகூட வரவில்லை என்றால் புதிது வாங்குவதே நல்லது.

முளை வந்ததும் பிள்ளைகள் சருகு பரப்பி மூடாக்குப் போட்டார்கள். இப்போது குடத்துத் தண்ணீரையும் மண் அப்படியே குடித்துவிடுகிறது.