டைனமிக் மைக்கை ஹை இம்பீடன்ஸ் இன்புட்டுடன் இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி: செய்முறை விளக்கம்

மேடையில் பாடுபவர்கள் பயன்படுத்தும் டைனமிக் மைக்குகளின் இம்பீடன்ஸ், அதாவது மின்மறுப்பு, பெரும்பாலும் 150 முதல் 300 ஓம் வரை இருக்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களிலும் பழைய ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபையர்களிலும் உள்ள 6.35 மி.மீ. ஜாக் இன்புட்டுகளோ, பல பத்தாயிரம் ஓம்களிலிருந்து 10 லட்சம் ஓம் வரையிலான ஹை இம்பீடன்ஸ் கொண்டவை. இரண்டையும் வெறும் கம்பியால் இணைத்தாலும் ஒலி வரும். ஆனால் மைக் தரும் 2 மில்லிவோல்ட் அளவிலான சிக்னல் அந்த இன்புட்டுக்குப் போதாது என்பதால், வால்யூமை முழுவதும் திருப்ப நேர்ந்து, குரலைவிட இரைச்சலே மேலோங்கி நிற்கும். இக்குறையை மின்கலமோ மின் இணைப்போ இல்லாமல் தீர்க்கும் சிறிய பெட்டி ஒன்றைச் செய்யும் முறையை இங்கே பார்ப்போம்.

முதலில் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையிலான சுற்றுகளின் விகிதம் 1:10 என்றால் மின்னழுத்தம் 10 மடங்கு, அதாவது 20 டெசிபல், உயரும். இம்பீடன்ஸோ அந்த விகிதத்தின் இருமடி அளவில், அதாவது 100 மடங்கு, மாறும். ஆகவே 200 ஓம் மைக், ஆம்ப்ளிஃபையரின் பார்வையில் 20 கிலோ ஓம் மூலமாகத் தோன்றும். எதிர்த்திசையில், 100 கிலோ ஓம் இன்புட் மைக்கின் பார்வையில் 1,000 ஓம் சுமையாகத் தோன்றும். இது மைக்கின் இம்பீடன்ஸைப் போல 5 மடங்கு என்பதால் மைக் தளராமல் இயங்கும். இதே பெட்டியை 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் செருகினால் மைக்குக்கு வெறும் 100 ஓம் சுமையே தெரியும். அப்போது மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, கிடைத்த 20 டெசிபலில் ஏறத்தாழப் பாதி கரைந்துவிடும். எனவே உங்கள் ஆம்ப்ளிஃபையரின் இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை: 1:10 விகிதமுள்ள மைக் இன்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, துளைகள் கொண்ட ஃபீமேல் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்களில் வரும் மூன்று முனை இணைப்பு) பேனல் சாக்கெட் ஒன்று, 6.35 மி.மீ. மோனோ ஜாக் சாக்கெட் ஒன்று, மூடியுள்ள உலோகப் பெட்டி ஒன்று, மெல்லிய இணைப்புக் கம்பி, சால்டரிங் அயர்ன், ஈயம், மல்டிமீட்டர். செலவைக் கூட்டுவதென்றால் டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் கூட்டுங்கள். மியூ மெட்டல் எனும் காந்தத் தடுப்பு உலோகக் கலவை உறைக்குள் வரும் வகை, அருகிலுள்ள மின்கருவிகளின் காந்தப்புலத்தைத் தடுக்கும். உறையில்லாத வகை அந்தப் புலத்தை வாங்கி 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமலாக ஆம்ப்ளிஃபையருக்குத் தந்துவிடும். உறையில்லாத வகையே கிடைத்தால் இரும்புப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அலுமினியப் பெட்டி இந்தத் தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்தை நிறுத்தாது. மின் அடாப்டரிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தலாமா என்ற எண்ணம் பலருக்கும் எழும். அது குரலின் முழு அதிர்வெண் வீச்சுக்காகச் சுற்றப்பட்டதல்ல என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது.

முதல் படி பெட்டியைத் துளையிடுவது. பரவலாகக் கிடைக்கும் எக்ஸ்எல்ஆர் பேனல் சாக்கெட்டுக்கு 24 மி.மீ. துளையும், ஜாக் சாக்கெட்டுக்கு ஏறத்தாழ 10 மி.மீ. துளையும் வேண்டும். பெரிய துளையை ஒரே மூச்சில் போட முயலாமல், சிறிய துளையிலிருந்து படிப்படியாக அகலப்படுத்தி, விளிம்பை அரத்தால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்துவதற்கு முன்பே இந்த வேலை முழுவதும் முடிந்து, உலோகத் துகள்களும் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். துகள்கள் இணைப்புகளைக் குறுக்கிடும் என்பது ஒரு காரணம், அடியும் அதிர்ச்சியும் மியூ மெட்டலின் காந்தத் தடுப்புத் திறனைக் குறைத்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

அடுத்து, சுருள்களை அடையாளம் காண்பது. தயாரிப்பாளர் தரும் தாளில் கம்பிகளின் நிறமும் தொடக்க முனையைக் காட்டும் புள்ளியும் குறிக்கப்பட்டிருக்கும், அதையே நம்புங்கள். மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தும் கண்டுபிடிக்கலாம், குறைந்த மின்தடை காட்டுவதே முதன்மைச் சுருள். ஆனால் அப்படி அளக்கும்போது சுருள் வழியே நேர்மின்னோட்டம் பாய்ந்து, நுட்பமான உள்ளகம் காந்தமேறக்கூடும் என்பதால், தாள் கையில் இருக்கும்போது இந்த அளவை வேண்டியதில்லை.

இணைப்பு இனி எளிது. எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் 2ஆம் முனை முதன்மைச் சுருளின் புள்ளியிட்ட முனைக்கும், 3ஆம் முனை அதன் மறுமுனைக்கும் போகும். இவ்விரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி இணைத்தால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் குறையும். முதன்மைச் சுருளுக்கு நடுமுனை இருந்தால் அதை எதனுடனும் இணைக்காமல், உறையிட்டு ஒதுக்கிவிடுங்கள். துணைச் சுருளின் புள்ளியிட்ட முனை ஜாக்கின் டிப்புக்கும் (நுனித் தொடர்பு), மறுமுனை ஸ்லீவுக்கும் (தண்டுத் தொடர்பு) செல்லும். எக்ஸ்எல்ஆரின் 1ஆம் முனை, ஜாக்கின் ஸ்லீவ், டிரான்ஸ்ஃபார்மரின் உலோக உறை, பெட்டி ஆகிய நான்கும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். பெட்டியில் வண்ணப் பூச்சு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சுரண்டி, வெறும் உலோகம் தெரியச் செய்த பிறகே திருகை முடுக்குங்கள். சில வரைபடங்களில் 1ஆம் முனையைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சு காட்டப்பட்டிருக்கும். ஒரே ஒரு டைனமிக் மைக் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் இந்த அமைப்பில் பூமி இணைப்பு வளையம், அதாவது இரு வழிகளில் பூமி இணைப்பு சேர்ந்து உறுமலை உண்டாக்கும் சுற்று, உருவாக வழியில்லை. அந்தச் சுவிட்சால் 1ஆம் முனையைத் துண்டித்தால் மைக்கின் உடலும் கேபிளின் கவச வலையும் அந்தரத்தில் தொங்கி, உறுமல் கூடத்தான் செய்யும். அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

ஆம்ப்ளிஃபையரின் இன்புட் 10 லட்சம் ஓம் என்றால், சுமை போதாமல் சில டிரான்ஸ்ஃபார்மர்களில் உச்ச அதிர்வெண்கள் கூர்மையாக எழும். துணைச் சுருளுக்கு இணையாக 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் அது அடங்கும்.

மூடியை மூடும் முன், மைக்கையோ ஆம்ப்ளிஃபையரையோ இணைக்காமல், 1ஆம் முனைக்கும் ஸ்லீவுக்கும் தொடர்ச்சி இருப்பதையும், 2, 3ஆம் முனைகளுக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்ச்சி இல்லாததையும் மல்டிமீட்டரால் சரிபாருங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் தொடக்கநிலையினர் பெரிதும் தடுமாறுகிறார்கள். மைக்கின் அருகில் வைத்துவிட்டு, அங்கிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை நீண்ட ஜாக் கேபிளை இழுப்பது தவறு. கவசக் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் உண்டு. 20 கிலோ ஓம் மூலத்துடன் 10 மீட்டர் கேபிள் சேர்ந்தால் 8 கிலோஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கி, ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் மழுங்கிவிடும். அதே கேபிள் 1 மீட்டர்தான் என்றால் சரிவு 80 கிலோஹெர்ட்ஸ் அருகே போய்விடுகிறது. ஆகவே நீண்ட தூரத்தை எக்ஸ்எல்ஆர் கேபிள் கடக்கட்டும். பெட்டி ஆம்ப்ளிஃபையரின் பக்கத்திலேயே குட்டைக் கேபிளுடன் இருக்கட்டும்.

வால்யூமைக் குறைத்து வைத்து மைக்கைச் செருகி, பேசியபடியே மெல்ல உயர்த்துங்கள். உறுமல் கேட்டால் ஆம்ப்ளிஃபையரின் மின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பெட்டியைச் சற்று நகர்த்தி, அதே இடத்தில் மெதுவாகத் திருப்பியும் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று தணிவதைக் காதாலேயே உணரலாம். ஒலியே வரவில்லை என்றால், சால்டரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் மைக்கின் வகையைப் பாருங்கள்: ஃபாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியே வரும் மின்சாரம், தேவைப்படும் கண்டென்சர் மைக்குக்கு ஜாக் இன்புட்டிலிருந்து 48 வோல்ட் கிடைக்காது என்பதால், அது இந்தப் பெட்டியுடன் வேலை செய்யாது. இன்னொரு மைக்குடன் அருகருகே பயன்படுத்தும்போது மட்டும் குரலின் அடர்த்தி குறைந்தால், 2, 3ஆம் முனைகளின் கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவையுங்கள்.