விளாடிவொஸ்டொக்கை நடந்து பார்ப்பது எப்படி: யாழ்ப்பாணத்திலிருந்து போவோருக்கு

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. பஸ் நிலையத்திலிருந்து நல்லூர் வரை நடந்து பழகிய கால்களுக்கு இரண்டு கிலோமீற்றர் பெரிய தூரமே அல்ல. ரஷ்யாவின் பசிபிக் துறைமுகமான விளாடிவொஸ்டொக் முழுக்க முழுக்க மேடும் பள்ளமும். வரைபடத்தில் 500 மீற்றர் என்று காட்டும் தெரு, நடக்கப்போனால் ஒரு மாடிப்படிக்கட்டாக இருக்கும். அதனால் கடலோரத்தையும் பள்ளத்தையும் முதலில் நடந்து முடியுங்கள். உயரத்துக்கு ஒரே ஒரு தரம் ஏறி, பிறகு இறங்கிக்கொண்டே வாருங்கள். தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் மத்தியானத்துக்குள் களைத்துவிடுவார்கள்.

போவதற்கு நல்ல காலம் செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை. வானம் தெளிந்திருக்கும், காற்றில் ஈரம் குறைவு. ஜூன், ஜூலையில் கடல்மூடுபனி நகரை மூடுவதால் மலையுச்சிக்குப் போனாலும் கீழேயுள்ள பெரிய பாலம் தெரியாத நாட்கள் உண்டு. ஓகஸ்ட் வெக்கையானது, சூறாவளி மழையும் வரும். ஜனவரியில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மறை 12 பாகை. அதைவிடக் கொடியது காற்று. குளிர்காலத்தில்தான் போகவேண்டுமென்றால் ஒரு தடித்த மேற்கோட்டை மட்டும் நம்பாதீர்கள். உடலோடு ஒட்டிய உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்று புகாத கோட்டு என மூன்று அடுக்காக அணியுங்கள். கடைக்குள் போனால் சூடாக்கி எரியும், அடுக்குகளாக இருந்தால் கழற்றலாம். சப்பாத்தின் அடிப்பாகம் ஆழமாக வெட்டிய ரப்பராக இருக்கட்டும். சாய்வான தெருவில் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடிபோல் ஆகும்போது வழுக்கி விழுவதுதான் அங்கே நடைப்பயணிக்கு வரும் முதல் ஆபத்து. கைபேசியின் பற்றரியும் குளிரில் சட்டென்று இறங்கும், உட்பையில் உடம்போடு வைத்திருங்கள்.

வெளிக்கிட முன் மூன்று விடயங்களை முடித்துவிடுங்கள். முதலாவது காசு. வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. முழுச் செலவுக்கும் டொலராகவோ யூரோவாகவோ கையில் கொண்டுபோய், அங்கே வங்கியில் ரூபிளாக மாற்றவேண்டும். மடிந்த, மை பட்ட தாள்களைத் திருப்பித் தருவார்கள். இரண்டாவது வரைபடம். வெளிநாட்டவர் சிம் வாங்குவது 2025இலிருந்து மிகக் கடினமாகிவிட்டது. அதனால் டூகிஸ் என்ற ரஷ்ய வரைபடச் செயலியில் விளாடிவொஸ்டொக் நகரை இங்கேயே தரவிறக்குங்கள். இணையம் இல்லாமலே பஸ் வழித்தடங்களையும் காட்டும். மூன்றாவது எழுத்து. பெயர்ப்பலகைகளில் ஆங்கில எச் போல் தெரிவது ‘ந’, சி போல் தெரிவது ‘ஸ’, எக்ஸ் போல் தெரிவது ‘ஹ’, வை போல் தெரிவது ‘உ’. முழு எழுத்துவரிசையையும் இரண்டு பின்னேரங்களில் பழகலாம், தெருப்பெயர் வாசிக்க அது போதும்.

கடவுச்சீட்டு, விசா, எல்லையில் தரும் குடிவரவு அட்டை மூன்றும் நடக்கும்போதும் கையில் இருக்கவேண்டும். விடுதியில் தங்கினால் வெளிநாட்டவருக்கான தங்குமிடப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். வேலை என்று சொல்லி ரஷ்யாவுக்கு அழைத்துப்போன எங்கள் பெடியளைப் போர்முனைக்கு அனுப்பிய செய்திகள் எல்லோருக்கும் தெரியும். ரஷ்ய மொழியில் உள்ள எந்தத் தாளிலும், யார் என்ன சொன்னாலும், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

தெருவில் இறங்கியதும் கவனிக்கவேண்டியது வாகனங்கள். அங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள், சாரதி எங்கள் ஊர்போல் வலப்பக்கம் இருப்பார். ஆனால் வண்டிகள் ஓடுவது வீதியின் வலப்பக்கத்தில். சாரதி இருக்கும் பக்கத்தைக் கண்ட பழக்கத்தில் நம் கண் முதலில் வலதுபக்கம் பார்க்கும், வண்டி இடதுபக்கமிருந்து வரும். இடது, பிறகு வலது என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லியே கடவுங்கள். சுரங்கப்பாதை இருக்கும் இடத்தில் மேலால் கடக்கவே வேண்டாம்.

நடையைக் காலமை ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். மொஸ்கோவிலிருந்து வரும் பாதை முடியும் இடம் இது. மேடையில் 9288 என்ற எண் பொறித்த தூண் நிற்கிறது, அத்தனை கிலோமீற்றர். நிலையத்துக்குள் பைகளைச் சோதிப்பார்கள், கத்தி ஏதும் வைத்திருக்காதீர்கள். அங்கிருந்து அலெயுட்ஸ்கயா வீதியில் வடக்கே நடந்தால் 15ஆம் இலக்க வீடு வரும். நடிகர் யூல் பிரின்னர் 1920இல் பிறந்த வீடு அது, சிலையும் பக்கத்தில் உண்டு. மேலும் போய் ஸ்வெட்லான்ஸ்கயா வீதியில் வலப்பக்கம் திரும்பினால் நகரின் மத்திய சதுக்கம். வார இறுதியில் சந்தை கூடும், தேனும் உலர்ந்த மீனும் அங்கே வாங்கலாம். அதே வீதியில் கிழக்கே ஜெர்மன் வணிகர்கள் குன்ஸ்ட், அல்பெர்ஸ் கட்டிய பெருங்கடை இருக்கிறது, இப்போது அதன் பெயர் கும். அதன் பின்முற்றத்தில் இருந்து தேநீர் குடிக்கலாம்.

மத்தியானம் 12 மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள டிக்ரோவயா குன்றில் நாள்தோறும் நேரம் அறிவிக்கச் சுடுவது அது. போர்க்காலத்தைக் கண்ட பெரியவர்கள் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், திடீரென்று கேட்டால் மனம் பதறும்.

கும் கடையிலிருந்து வளைகுடாப் பக்கமாக இறங்கினால் எஸ்-56 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலைத் தரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1939இல் கடலில் இறங்கிய இது, இரண்டாம் உலகப்போரில் பனாமா கால்வாய் வழியாக ஆர்க்டிக் பக்கக் கடலுக்குப் போய்ச் சண்டையிட்டது. 1975இலிருந்து அருங்காட்சியகம். ஒரு பாதி காட்சிக்கூடம், மறுபாதி அன்றிருந்தபடியே. வட்டமான கதவுத்துளைகளுக்குள் குனிந்து காலைத் தூக்கிப் போகவேண்டும், முழங்கால் நோவுள்ளவர்கள் வெளியிலிருந்து பார்ப்பதே நல்லது. அருகிலுள்ள நிக்கொலாய் வளைவு என்ற அலங்கார வாசல் 1891இல் கட்டி, சோவியத் காலத்தில் இடித்து, 2003இல் மறுபடி எழுப்பியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது பசிபிக் கடற்படையின் தளம், 1992 வரை வெளிநாட்டவர் உள்ளே வரவே முடியாது. போர்க்கப்பல், காவலரண், சீருடைக்காரர் எதையும் படம் எடுக்காதீர்கள், ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம். மற்றவர்கள் எடுக்கிறார்களே என்று நினைக்கக்கூடாது, அவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டமும் மொழியும் தெரியும்.

பிறகு புஷ்கின்ஸ்கயா வீதிக்குப் போங்கள். 1962இலிருந்து ஓடும் கம்பிவடத் தொடருந்து 183 மீற்றர் தூரத்தை இரண்டு நிமிடத்துக்குள் ஏற்றிவிடும். பக்கத்திலேயே 300க்கு மேற்பட்ட படிகளும் உண்டு, அவற்றை இறங்க மட்டும் பயன்படுத்துங்கள். மேலே சுரங்கப்பாதையால் கடந்தால் காட்சிமேடை. வளைகுடாவின் மேலால், நடுவில் இரு தூண்களுக்கிடையே 737 மீற்றர் நீளும் தங்கப்பாலம் காலடியில் கிடக்கும். நண்பகலில் தெற்கே பார்க்கும்போது வெயில் கண்ணில் அடிக்கும், பின்னேரத்தில் படம் நன்றாக வரும்.

அங்கிருந்து மேற்கே இறங்கி அட்மிரல் ஃபோகின் தெரு வழியாக அமூர் வளைகுடாக் கரைக்கு வந்தால் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். ஜூனில் இரவு 9 மணிக்கு அண்மையிலும், டிசம்பரில் 5.40 அளவிலும் மறையும். குளிர்காலத்தில் உறைந்த கடலில் ஆட்கள் மீன் பிடிப்பார்கள். பனியின் தடிப்பு பார்த்துத் தெரியாத நீங்கள் இறங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு ஸ்டலோவயா என்ற சிற்றுண்டிச்சாலைகளே சிக்கனம், தட்டைக் காட்டி எடுக்கலாம். மரக்கறிக்காரர் கவனம்: போர்ஷ் சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் வேகும், தெருவில் விற்கும் பியான்சே என்ற ஆவியில் வெந்த பணியாரத்துக்குள்ளும் இறைச்சி. கிரேச்கா என்ற தானியச் சோறும், பீற்றூட் சாலட்டும் பாதுகாப்பானவை. ‘பியெஸ் மியாசா’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று விளங்கிக்கொள்வார்கள்.

தொகரெவ்ஸ்கி வெளிச்சவீட்டை இதே நாளில் சேர்க்காதீர்கள், அடுத்த நாள் காலமைக்கு வையுங்கள். பஸ்ஸில் எகெர்ஷெல்ட் முனைவரை போய், மிச்சத்தை நடக்கவேண்டும். சாரதியிடம் நீட்டச் சில்லறை ரூபிள் வைத்திருங்கள். வெளிச்சவீட்டுக்குப் போகும் கூழாங்கல் திட்டு வற்றில்தான் முழுதாகத் தெரியும். நீர் ஏறத் தொடங்கினால் சப்பாத்து நனையும், குளிர்காலத்தில் நனைந்த கால்மேசோடு காற்றில் திரும்பி நடப்பது விறைப்பில் முடியும். வற்று நேரத்தை விடுதியில் கேட்டு, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே அங்கே நில்லுங்கள். மாற்றுக் கால்மேசு ஒரு சோடி பையில் இருக்கட்டும்.