நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறதா? நின்று நின்று நடக்கும் பயிற்சி

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே வலி. காலுக்குப் போகும் தமனியில் கொழுப்பு படிந்து குறுகியிருந்தால் இப்படி வரும். வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்தே காலத்தைக் கடத்துகிறோம்.

முதலில் டாக்டரைப் பாருங்கள். கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த அழுத்தத்தால் வகுப்பார்கள், 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தால் ரத்தக்குழாய் விறைத்து இந்தக் கணக்கு ஏமாற்றும், கால் விரலிலும் அளக்கச் சொல்வார்கள். இதயத்தையும் பரிசோதித்துவிடுவது நல்லது. படுத்திருக்கும்போதே கால் வலித்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ இந்தப் பயிற்சியை நீங்களாகத் தொடங்கக் கூடாது.

டாக்டர் சரி என்றாரா? தொடங்கலாம்.

1. பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். கடிக்காத ஷூ போடுங்கள்.

2. சமதளத்தில் 5 நிமிடம் மெதுவாக நடங்கள்.

3. வேகத்தைக் கூட்டுங்கள். 3 முதல் 5 நிமிடத்துக்குள் வலி வர வேண்டும். வலியே இல்லாதது 0, ஓரடிகூட வைக்க முடியாதது 4 என்று வைத்துக்கொண்டால், 2 அல்லது 3 வரும்வரை நடங்கள். வலித்ததும் உட்காரத்தான் மனசு சொல்லும். ஆனால் இந்த வலியால் கால் கெட்டுப்போகாது.

4. வலி முழுக்கப் போகும்வரை நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். அப்புறம் மறுபடி நடை.

ஆரம்பத்தில் மொத்தம் 15 நிமிட நடை போதும். சிறிது சிறிதாக 30, 45 என்று கூட்டுங்கள். வாரம் 3 நாளாவது, குறைந்தது 12 வாரம். 10 நிமிடம் நடந்தும் வலி வரவில்லையென்றால் வேகத்தைக் கூட்டுங்கள்.

அடைப்பு இதனால் கரையாது. கணுக்கால் கணக்கும் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். கிடைக்கிற ரத்தத்தை வைத்தே வேலை பார்க்கத் தசை பழகிக்கொள்கிறது, தூரம் கூடுகிறது. பீடி, சிகரெட்டை விடாமல் நடப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் நாள் வலி எந்த மின்கம்பத்தருகே வந்தது என்று குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே தெருவில், அதே வேகத்தில் நடந்து பாருங்கள்.